காவலர்களைக் கரையில் விட்ட கப்பல்

லாங்கன்தால், 18 பெப்ரவரி 2025

அண்ணாவுக்கு,

படை முகவரிக்குப் போகும் கடிதத்துக்கு முத்திரை தேவையில்லை என்று தபாலகத்தில் சொன்னார்கள். நம்பாமல் இரண்டு முறை கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் சிரித்துவிட்டு, இந்த நாட்டில் இலவசமாகக் கிடைப்பது இது ஒன்றுதான், நன்றாகப் பயன்படுத்திக்கொள் என்றார்.

நீ குடும்பக் குழுவிலிருந்து விலகிவிட்டாய். நான் தனியாக அனுப்பும் செய்திகளுக்கும் ஒற்றைச் சரி அடையாளம்தான் விழுகிறது. ஆகவே கடிதம். வீட்டு விஷயம் எழுதமாட்டேன். எனக்கு எஞ்சின் பற்றி ஓர் உதவி வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் நாங்கள் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்து வகுப்பின் முன் பேச வேண்டும். நான் எடுத்திருப்பது ஒரு நீர்மூழ்கிக் கப்பல். கடலே இல்லாத நாட்டில் இருந்துகொண்டு ஏன் இது என்று ஆசிரியர் கேட்டார். அதன் டீசல் எஞ்சின்கள் இதே நாட்டின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை என்று சொன்னதும் விட்டுவிட்டார்.

கப்பலின் பெயர் ஓஜெவ். போலந்து மொழியில் கழுகு என்று பொருள். ஆனால் போலந்தில் கட்டப்படவில்லை. நெதர்லாந்தில், கடலோரத்து நகரம் ஒன்றில், போலந்துக் கடற்படைக்காகக் கட்டினார்கள். செலவின் ஒரு பகுதியைப் போலந்து மக்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். 1939 தொடக்கத்தில் கப்பல் சேவைக்கு வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் போர் தொடங்கிவிட்டது. கட்டியது ஒரு நாடு, எஞ்சின் இன்னொரு நாடு, கொடி மூன்றாவது நாடு. இதைத்தான் என் முதல் பக்கமாக வைத்திருக்கிறேன்.

என் கேள்வி இது. டீசல் எஞ்சின் இருக்கும்போது மின்மோட்டார் எதற்கு? புத்தகத்தில் இரண்டும் இருந்தன என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். நீ எஞ்சின் படித்தவன். இப்போது துன் நகரத்துப் படை முகாமில் பயிற்சிக்குப் போய் டாங்கி எஞ்சின் திருத்துகிறவன். பாடம் நடத்தாமல் சொல்லு.

வீட்டு விஷயம் எழுதமாட்டேன் என்றேன். ஒன்று மட்டும் எழுதுகிறேன். சப்பாத்துத் தட்டு இப்போது கதவுக்கு உள்ளே இருக்கிறது.

யாதவி

●

துன், 24 பெப்ரவரி

யாதவி,

இனியும் தமிழிலேயே எழுது. இந்த அறையில் பன்னிரண்டு பேர். கடிதம் வந்தால் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். உன் கையெழுத்தைப் பார்த்து ஒருவன் இது இசைக் குறிப்பா என்று கேட்டான். ஓம் என்றேன். பாடிக் காட்டச் சொன்னான்.

எஞ்சின். டீசல் எரிய எண்ணெய் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். தண்ணீருக்குக் கீழே டீசலை ஓட்டினால், உள்ளே இருக்கிற ஆட்கள் சுவாசிக்கிற காற்றை எஞ்சின் குடித்துவிடும். ஆகவே மேலே மிதக்கும்போது டீசல். அப்போதே பற்றரிகளையும் சார்ஜ் செய்துகொள்வார்கள். கீழே போனதும் பற்றரியில் ஓடும் மின்மோட்டார். பற்றரி முடிந்தால் மேலே வந்தே ஆகவேண்டும், மேலே யார் காத்திருந்தாலும். இதைச் சொன்னால் உன் வகுப்பு கேட்கும்.

நீ நினைக்கிற மாதிரி நான் இப்போது டாங்கி திருத்தவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு என்னைப் பட்டறைக்குள் விடுவதில்லை. சுடப் பழகத் தந்த என் துவக்கையும் வாங்கி வைத்துவிட்டார்கள். களஞ்சியத்தில் போர்வை எண்ணுகிறேன்.

தட்டை உள்ளே எடுத்தது நல்லது. கொஞ்சம் முந்தி எடுத்திருக்கலாம்.

வார இறுதிகளில் நான் வின்டர்தூரில், என்னோடு தொழில் படித்த திலக்சன் வீட்டில் நிற்கிறேன். அம்மாவிடம் சொல்லலாம். அப்பாவிடம் சொல்லத் தேவையில்லை.

ஜதுஷன்

●

லாங்கன்தால், 4 மார்ச்

அண்ணாவுக்கு,

மின்மோட்டார் விளக்கத்துக்கு நன்றி. 'எஞ்சின் குடித்துவிடும்' என்பதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இப்போது கப்பல் தாலின் துறைமுகத்தில் நிற்கிறது. அது எஸ்தோனியா நாடு, போரில் சேராத நாடு. கப்பலின் தலைவருக்கு உடம்பு சரியில்லை என்று அவரை அங்கே இறக்கினார்கள், அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பிறகு எஸ்தோனியர்கள் வந்து, நீங்கள் இனி வெளியே போக முடியாது என்றார்கள். பீரங்கிகளின் சுடும் பாகங்களைக் கழற்றி எடுத்தார்கள். கடல் வரைபடங்களை எடுத்தார்கள். குண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கினார்கள். பாதியில் தூக்கும் கம்பி அறுந்தது. தானாக அறுந்ததல்ல, மாலுமிகளே அறுத்தது. கப்பலில் இரண்டு காவலர்களை நிறுத்தினார்கள்.

சுடும் பாகத்தைக் கழற்றி எடுத்தார்கள் என்ற வரியில் நான் நிறுத்திவிட்டேன். அன்றைக்கு நீயும் அதைத்தான் செய்தாய்.

நீ என்னிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஆகவே நான் கண்டதையும் கேட்டதையும் எழுதிவைக்கிறேன். நீ முதல் விடுமுறைக்குச் சீருடையோடும் முதுகில் துவக்கோடும் படியேறி வந்தாய். அம்மா நண்டுக் கறி வைத்திருந்தா. நான் சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா கதவைத் திறந்தார். முகம் ஒரு மாதிரிப் போனது. சத்தம் போடவில்லை. "அத வெளிய வச்சிட்டு உள்ள வா, மனே" என்றார். நான் சமையலறையில் நின்று கேட்டேன். நீ சுடுகிற பாகத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மிச்சத் துவக்கைச் சப்பாத்துத் தட்டில் உன் பூட்ஸுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாய். நாங்கள் வாசலில் எதையும் கழற்றி வைப்பதுபோல. எனக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை. அதுதான் இப்போது எனக்கு விசித்திரமாக இருக்கிறது.

மேல்மாடி ஃபிராவ் லூதி உடுப்புத் தோய்க்கக் கீழே இறங்கியவ. எங்கள் மூன்றாவது மாடியில், ஆறு சோடி செருப்புக்கு நடுவில் படைத் துவக்கு. அவ பொலிஸைக் கூப்பிட்டதில் பிழை இல்லை. நாங்கள் சாப்பிட்டு முடிக்கவில்லை, இரண்டு பொலிஸார் வந்துவிட்டார்கள்.

ஏன் வெளியே வைத்தாய் என்று கேட்டார்கள். அப்பா சொன்னார், வைத்தேன் என்றாய். அவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா ஜெர்மனில், நான் அப்படிச் சொல்லவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

என்னை அறைக்குப் போகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. நீ நண்டைத் தொடாமல் போய்விட்டாய் என்பது மட்டும் தெரியும்.

வெளியே வை என்று அப்பா சொன்னதை நான் கேட்டேன். உன் படைத் தலைவருக்கு நான் எழுதட்டுமா? ஜெர்மனில் பிழையில்லாமல் எழுதுவேன்.

ஃபிராவ் லூதி நேற்றுக் கேக் கொண்டுவந்தா. அப்பா கதவைத் திறக்கவில்லை. நான் வாங்கி வைத்தேன்.

யாதவி

●

துன், 10 மார்ச்

யாதவி,

எழுதக்கூடாது. இது ஒரே தரம்தான் சொல்வேன். பதினைந்து வயதுத் தங்கச்சி வந்து சாட்சி சொல்லி நான் தப்பியதாக இருக்கக்கூடாது. மற்றது, அது நீ சொல்ல வேண்டியதல்ல. சொன்னவர் இருக்கிறார்.

உனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். துவக்கைக் கவனிப்பில்லாமல் விட்டது குற்றம். அதற்குத் தண்டனை உண்டு, சில நாள் அறையில் பூட்டி வைப்பார்கள். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன், செய்தேன்தானே. பிரச்சினை அது இல்லை. பொலிஸ் அறிக்கையில் நான் சொன்னது ஒன்று, அப்பா சொன்னது இன்னொன்று. எங்களுடைய ஹவுப்ட்மன், கொம்பனித் தலைவர், படைக்கு வெளியில் கணித ஆசிரியர். அவர் என்னை இருத்திவைத்து அமைதியாகச் சொன்னார்: "துவக்கை மறந்த ரெக்ரூட்டை நான் திருத்தலாம். தகப்பனில் பழியைப் போடுகிற ரெக்ரூட்டிடம் துவக்கைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை."

ஆயுதம் வைத்திருக்கத் தகுதியான ஆளா என்று ஏப்ரல் முதல் வாரத்தில் முடிவு செய்வார். இல்லை என்றால் பயிற்சி அதோடு சரி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பட்டறையும் போய்விடும். நான்கு வருடம் தொழில் படித்துவிட்டு நான் கேட்டு வாங்கிய இடம் அது. பிறகு எந்த முதலாளி ஏன் பாதியில் விட்டாய் என்று கேட்டாலும், அவர்கள் எழுதிவைத்ததைத்தான் நானும் சொல்லவேண்டும்.

நான் அப்பா சொன்னதைக் கேட்டேன். அதனால்தான் பொய்யன் ஆனேன். 

அந்த இரண்டு காவலர்களையும் என்ன செய்தார்கள்?

ஜதுஷன்

பி.கு. அம்மாவின் பார்சல் வந்தது. பகோடாவை அறை முழுக்கத் தின்றது. இசைக் குறிப்புக் கேட்டவன் இனி எப்போது என்று கேட்கிறான்.

●

லாங்கன்தால், 19 மார்ச்

அண்ணாவுக்கு,

காவலர்களைப் பற்றி நீ கேட்பாய் என்று தெரியும். வகுப்பிலும் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.

ஓர் இரவு மாலுமிகள் அந்த இருவரையும் பிடித்துக் கப்பலுக்குள்ளே கொண்டுபோனார்கள். வெளிச்சத்தை அணைத்தார்கள், கட்டியிருந்த கயிறுகளை வெட்டினார்கள், துறைமுகத்தை விட்டு வெளியேறினார்கள். பின்னால் சுட்டார்கள், படவில்லை. இப்போது கப்பலில் வரைபடம் இல்லை. பொறுப்பெடுத்த இளம் அதிகாரியும் மற்றவர்களும், எடுக்காமல் விடப்பட்ட கலங்கரை விளக்கப் புத்தகம் ஒன்றை வைத்தும் நினைவை வைத்தும் ஒரு வரைபடம் கீறினார்கள். வானொலிக் கருவியில் செய்தி கேட்கலாம், அனுப்ப முடியாது, அந்தப் பாகம் பழுது.

அந்த நேரம் ஜெர்மன் வானொலி, இவர்கள் காவலர்களைக் கொன்றுவிட்டார்கள் என்று அறிவித்தது. கப்பலால் பதில் சொல்ல முடியாது. சொன்னாலும் யார் நம்புவார்கள்? ஆகவே பால்டிக் கடலில் தேடுகிறவர்களுக்கு நடுவே ஸ்வீடனின் கொட்லாந்துத் தீவுப் பக்கம் போய், உடுப்பும் சாப்பாடும் கொடுத்து, சின்னப் படகு ஒன்றில் இருவரையும் இறக்கிவிட்டார்கள். அவர்கள் கரையேறி, தாங்கள் உயிரோடு இருப்பதைத் தாங்களே காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் கப்பல் இங்கிலாந்துப் பக்கம் திரும்பியது. அங்கே போய்ச் சேர ஒக்டோபர் நடுப்பகுதி ஆகிவிட்டது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், நான் இதை அப்பாவுக்குச் சொன்னேன். வகுப்பில் பேச்சு ஜெர்மனில்தான். ஆனால் தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு எங்கே விளங்கவில்லை என்று தெரிகிறது. அப்பா வேலையால் வந்து தேத்தண்ணி குடிக்கும்போது எதிரில் இருந்து சொல்வேன். அவர் டெலிவிஷனைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்கிறாரா என்றுகூடத் தெரியாது.

காவலர்கள் கரையேறிய இடம் வந்ததும் டெலிவிஷன் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அவங்கட அடையாள அட்டையத் திருப்பிக் குடுத்தவங்களோ?"

புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை, அட்டை எடுத்ததாகவே இல்லை என்றேன். தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு கிருபன் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னார். எங்களுக்கு அந்தப் பெயரும், சாமி அறையில் இருக்கிற படமும் மட்டும்தான் தெரியும். மட்டக்களப்பில் சுற்றிவளைப்பு நடந்து சித்தப்பாவைக் கொண்டுபோனபோது அப்பாவுக்குப் பதினெட்டு வயது. தம்பியைத் தேடி இராணுவ முகாம் வாசலுக்குப் போனது அப்பாதான். வாசலில் நின்றவர் அப்பாவின் அடையாள அட்டையை வாங்கிவைத்துக்கொண்டு நாளைக்கு வா என்றாராம். அடுத்த நாள் போனால், எந்த அட்டை, இங்கே ஒருவரும் இல்லை, உனக்குத் தம்பி இருந்தானா என்று கேட்டாராம். அப்பா தம்பி இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாராம். அட்டை இல்லாமல் ஒரு சந்திகூடத் தாண்ட முடியாது. அதற்குப் பிறகுதான் நாட்டை விட்டு வந்தது.

இதை ஒரு ஸ்டேஷனுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார். அம்மா சமையலறையில் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு நின்றா. அவவுக்கும் அந்தக் கடைசிப் பகுதி தெரியாது என்று நினைக்கிறேன்.

பிறகு தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். துன் முகாம் வாசலில் அட்டை வாங்குவார்களா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். வருவேன் என்று சொல்லவில்லை.

யாதவி

●

துன், 24 மார்ச்

யாதவி,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். சித்தப்பாவின் விஷயத்துக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஆகவே கேட்டதற்கு மட்டும் பதில்.

வாங்குவார்கள். வெளியாள் யாராவது உள்ளே வந்தால் வாசல் காவலில் அடையாள அட்டையைக் கொடுக்கவேண்டும். அதை ஒரு பெட்டியில் வைத்துவிட்டு, இலக்கம் போட்ட விருந்தினர் அட்டை ஒன்றைக் கழுத்தில் தொங்கவிடத் தருவார்கள். வெளியே போகும்போது அதைக் கொடுத்து இதை வாங்கலாம். நான் இரண்டு முறை வாசல் காவலில் நின்றிருக்கிறேன். ஒரு அட்டையும் தொலைந்ததில்லை.

நீ நல்ல பிள்ளை. வாங்கமாட்டார்கள் என்று அவரிடம் சொல்லிக் கூட்டிவர உனக்கு மனம் வரும். அப்படிச் செய்யாதே. வாசலில் கை நீட்டினவுடன் அவர் திரும்பிப் போய்விடுவார். அதற்குப் பிறகு உன்னையும் நம்பமாட்டார். உள்ளதைச் சொல்லு. வரமாட்டார் என்றால் வரமாட்டார்.

நான் இப்போது அவரில் கோபமாக இல்லை. அதற்காக வீட்டுக்கு வருவேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹவுப்ட்மன் என்னைக் காணும்போது நல்ல மனிதர் போல வணக்கம் சொல்கிறார். அவருடைய கணக்கில் நான் இன்னும் பொய்யன்தான்.

போர்வை எண்ணி முடிந்தது. இப்போது கூடார முளைகள்.

ஜதுஷன்

●

லாங்கன்தால், 31 மார்ச்

அண்ணாவுக்கு,

உள்ளதைச் சொன்னேன். வாங்கிப் பெட்டியில் வைப்பார்கள், இலக்கம் தருவார்கள், போகும்போது திருப்பித் தருவார்கள் என்றேன். அண்ணாவே அங்கே நின்றிருக்கிறான், ஒன்றும் தொலைந்ததில்லை என்றும் சொன்னேன்.  

அடுத்த நாள் அப்பா தன் சி அட்டையை, இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கத் தந்த அட்டையை, பணப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, அதன் இரண்டு பக்கத்தையும் என் போனில் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அம்மாவின் போனுக்கும் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ஏதாவது நடந்தால் இது இருக்கும்தானே என்றார். 

கப்பல் இப்போது ஸ்கொட்லாந்தில் இருக்கிறது. சொந்த நாடு பிடிபட்டுவிட்டது. ஆங்கிலேயரின் துறைமுகத்திலிருந்து, அவர்களின் கட்டளையில், தன் கொடியோடு ரோந்து போகிறது. 1940 ஏப்ரல் 8ஆம் திகதி நோர்வேயின் தெற்குக் கரையில் ஒரு ஜெர்மன் கப்பலைக் கண்டார்கள். வெளியில் பார்த்தால் சாதாரணச் சரக்குக் கப்பல். நிற்கச் சொன்னார்கள். சரியான பதில் வரவில்லை. மூழ்கடித்தார்கள். நோர்வே மீனவர்கள் தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கியபோது, அவர்கள் படைச் சீருடையில் இருந்தார்கள். பேர்கன் நகரத்துக்குப் போகிறோம் என்று அவர்களே சொன்னார்கள். அந்தச் செய்தி தலைநகரத்துக்கும் போனது. போதிய அளவு யாரும் அசையவில்லை. அடுத்த நாள் காலை நோர்வே தாக்கப்பட்டது.

இந்தப் பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. காவலர்கள் கரையேறிச் சொன்னதால் பொய் உடைந்தது என்று முந்திய கடிதத்தில் பெரிதாக எழுதினேன். இங்கே ஆட்கள் நனைந்த சீருடையோடு கரையில் நின்று சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. ஓர் ஆள் வந்து நின்று சொன்னால் போதும் என்று நான் நினைத்தது சரியா என்று தெரியவில்லை. இரண்டையும் ஆய்வில் வைத்திருக்கிறேன்.

அப்பா புதன்கிழமை வேலைக்கு லீவு போட்டிருக்கிறார். எதற்கென்று அம்மா கேட்டா. பல்லு என்றார். அவருடைய பல்லில் ஒன்றுமில்லை.

யாதவி

●

துன், 2 ஏப்ரல்

யாதவி,

வந்தார்.

இன்றைக்கே எழுதினால்தான் எல்லாம் நினைவிருக்கும். நீ எல்லாவற்றையும் கேட்பாய் என்பதும் தெரியும்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசல் காவலிலிருந்து ஒருவன் வந்து, எதிர்ப் பக்கத்து நடைபாதையில் ஒரு மனிதர் கனநேரமாக நிற்கிறார், உன்னுடைய ஆளா என்று கேட்டான். ஏன் என்னைக் கேட்டான் என்று உனக்கு விளங்கும், எங்கள் நிறம்தான். எனக்கும் விளங்கியது. இன்றைக்கு அதில் கோபம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். கோயில் திருவிழாவுக்குப் போடுகிற கோட்டுப் போட்டிருந்தார். பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர் மாதிரி நின்றார், ஆனால் அங்கே பஸ் நிற்பதில்லை.

நான் கை காட்டினேன். அவர் தெருவைக் கடந்து வந்தார். காவலுக்கு நின்றவன் அட்டையைக் கேட்டான். அப்பா பணப்பையைத் திறந்தார், அட்டையை எடுத்தார், நீட்டினார், ஆனால் விடவில்லை. அவன் ஒரு நுனியைப் பிடித்திருக்கிறான், இவர் மற்ற நுனியை. அவன் அப்பன்செல் பக்கத்துப் பையன், பத்தொன்பது வயது. என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தான். பிறகு அப்பா விட்டார்.

ஹவுப்ட்மனின் அறையில் நான் நின்றேன், அவர் அப்பாவைக் கதிரையில் இருக்கச் சொன்னார், அப்பா இருக்கவில்லை. ஆகவே ஹவுப்ட்மனும் எழுந்து நின்றார். மூன்று பேரும் நின்றபடிதான் எல்லாம் நடந்தது.

அப்பா ஜெர்மனில் சொன்னார், நான்தான் சொன்னேன், வெளியே வை என்று, சப்பாத்து மாதிரி என்று. ஏன் சப்பாத்து மாதிரி என்று ஹவுப்ட்மன் கேட்டார். தெருவில் திரிகிறது எதுவும் எங்கள் வீட்டுக்குள் வராது என்றார் அப்பா. அது அவருக்கு விளங்கியது போலத்தான் இருந்தது. பிறகு அவர் கேட்டார், அப்படியென்றால் பொலிஸ் கேட்டபோது ஏன் இல்லை என்றீர்கள் என்று.

அப்பா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"சொல்லு மனே. பொலிஸ் ஆமி உடுப்பக் கண்டா என்ட வாய் முதல்ல இல்ல எண்டுதான் சொல்லும். பிறகுதான் நான் யோசிப்பன். முப்பத்தஞ்சு வருசமா அப்பிடித்தான்."

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஹவுப்ட்மன் தன் சட்டைக் கையைப் பார்த்தார். இன்றைக்கு என் முன்னால் யோசித்த பிறகுதான் சொன்னீர்கள் என்றார். ஓம், ரயிலில் முழுக்க யோசித்தேன் என்றார் அப்பா.

முடிவு இதுதான். துவக்கைக் கவனிப்பில்லாமல் விட்டதற்கு அறைத் தண்டனை உண்டு. திங்கள் தொடங்கி வெள்ளி வரைக்கும். அதைக் குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மற்றக் கேள்வி முடிந்தது. தண்டனை முடிந்ததும் துவக்கு கையில், பட்டறை திரும்ப. இதை அவர் அப்பாவிடமே சொன்னார், என்னிடம் இல்லை.

வாசல் வரைக்கும் கூட நடந்தேன். பையன் பெட்டியைத் திறந்து அட்டையைக் கொடுத்தான். அப்பா முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், படத்தைப் பார்த்தார். தன்னுடையதுதான் என்று தெரிந்த பிறகும் பார்த்தார். பிறகு வேகமாக நடந்து போய்விட்டார்.  தெருமுனையில் திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை 12ஆம் திகதி வீட்டுக்கு வரலாம் என்று இருக்கிறேன். துவக்கு என்னோடுதான் வரும், அதை வேறெங்கும் வைக்க முடியாது. அவரிடம் கேட்டுச் சொல்லு.

அறையில் இருக்கும்போது போன் தரமாட்டார்கள். கடிதம் தருவார்கள்.

ஜதுஷன்

●

லாங்கன்தால், 5 ஏப்ரல்

அண்ணாவுக்கு,

இது நீ உள்ளே இருக்கும்போது கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

நேற்று வகுப்பில் பேசினேன். விடுமுறைக்கு முதல் நாள் என்பதால் பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'எஞ்சின் குடித்துவிடும்' என்றதும் திரும்பினார்கள். அதன் பிறகு கடைசிவரை கேட்டார்கள். கடைசி என்பது இதுதான்: 1940 மே மாத இறுதியில் கப்பல் ஸ்கொட்லாந்திலிருந்து இன்னொரு ரோந்துக்குப் போனது. திரும்பவில்லை. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் போனார்கள். கண்ணிவெடியா, வேறு எதுவா, ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்கும் கடலடியில் தேடுகிறார்கள். கண்டுபிடிக்கவில்லை.

முடிவுரை எங்கே என்று வகுப்புத் தோழி ஹரிஷா கேட்டாள். இன்னும் கிடைக்கவில்லை, ஆகவே என்னிடமும் இல்லை என்றேன். ஆசிரியர் அதைப் பலவீனம் என்று எழுதியிருக்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு முதல் அப்பாவும் வீட்டில் சாமி அறைப் பக்கம் பார்த்துக்கொண்டு கப்பலைப் பற்றி ஒன்று கேட்டிருந்தார். தேடுகிறார்களா என்று. ஓம், தேடுகிறார்கள் என்றேன். நல்லம் என்றார்.

12ஆம் திகதியைப் பற்றிக் கேட்டேன். அப்பாவின் பதில் இதுதான். வாசலுக்குப் பக்கத்து அலுமாரியிலிருந்து வெக்யூம் கிளீனரை எடுத்துக் குளியலறையில் வைத்திருக்கிறார். அலுமாரிக்கு ஒரு பூட்டும் வாங்கி வந்தார். பூட்டை மூன்று தரம் திறந்து மூடிப் பார்த்தார். கதவைத் தாண்டி உள்ளே வந்தவுடன் இடது பக்கம், நீ பார்ப்பாய். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. வெக்யூம் கிளீனர் குளியலறையில் இருப்பது பிடிக்கவில்லை என்றுதான் சொல்கிறா.

இனி ஒரு விஷயம். புதன்கிழமை அப்பா வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியபோது, கழுத்தில் உங்களுடைய விருந்தினர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்புப் பட்டி, பிளாஸ்டிக், இலக்கம் 14. உங்கள் அப்பன்செல் பையன் இதை வாங்காமல் அதைக் கொடுத்துவிட்டான். அப்பா ரயில் முழுக்கவும் அதைக் கோட்டுக்குள்ளே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், கவனிக்கவில்லை. கண்டவுடன் சோபாவில் இருந்துவிட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. படையின் சாமான் தன்னிடம் இருக்கிறது, இப்போது தேடுவார்கள், மகனைக் கேட்பார்கள் என்றார். அம்மா அதைச் சாமி அறையில் வைத்தா. அப்பா எடுத்து அலுமாரியில் வைத்தார். பிறகு திரும்ப எடுத்துப் பணப்பைக்குள், தன் சி அட்டைக்குப் பின்னால் வைத்தார். பொருந்தவில்லை, பணப்பை மூடவில்லை.

நான் சொன்னேன், கவலைப்பட ஒன்றுமில்லை, கடித உறைக்குள் போட்டு அனுப்பலாம், படை முகவரிக்கு முத்திரைகூடத் தேவையில்லை என்று. இந்தக் கடிதத்தோடேயே வைக்கலாம் என்றும் சொன்னேன். உறையைத் திறந்து பிடித்தேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பணப்பையை மூட முடிந்த அளவுக்கு மூடிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். வெள்ளிக்கிழமை நீ வெளியே வரும்போது தானே வந்து தருவதாகச் சொல்லச் சொன்னார்.

"வாசல்ல குடுக்கவேண்டியத வாசல்லதான் குடுக்கோணும்" என்றார்.

யாதவி